கான்ஸ்டன்சாவில் ஒரு கையெழுத்து

ஜனவரி 10, புதன்

ஷெரின்தான் இதில் எழுதச் சொன்னாள். அங்கே பேச்சுத் துணைக்கு ஆள் இருக்காது, எழுதியாவது வை என்று டைரியைப் பையில் திணித்துவிட்டாள். ஷெரின் என் மகள். சென்னையில் வேலை. லீவு போட்டு தூத்துக்குடிக்கு வந்து, என்னைத் திருவனந்தபுரம் விமான நிலையம் வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நின்று கையசைத்தது தெரிந்தது. நான் கையசைக்கவில்லை. இரண்டு கையிலும் பை.

ஷெரின் அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் போசன் வேலை, மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ருமேனியா தேசத்தில் கான்ஸ்டன்சா என்ற துறைமுகத்தில் கப்பலைக் கரையில் கட்டும்போது கயிறு அறுந்து இடது காலில் அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து எலும்பை வைத்துக் கட்டினார்கள். புண் ஆறவில்லை. சர்க்கரை உடம்பு. குடும்பத்திலிருந்து ஒருவர் வந்தால் நல்லது என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது.

அவருடைய அண்ணன் ஜெரோம் அத்தான்தான் போக வேண்டியது. அவரிடம் பாஸ்போர்ட் இல்லை. என்னிடம் இருந்தது. சிலோனில் மடு மாதா கோவிலுக்குப் போகலாம் என்று ஷெரின் அப்பா எடுத்துக் கொடுத்தது. புறப்படுகிற அன்று காலையில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது, போகவில்லை. விசா கம்பெனியே வாங்கிக் கொடுத்தது.

தனியாக நான் போன தூரம் திருநெல்வேலிதான்.

ஜனவரி 11, வியாழன்

வந்து சேர்ந்துவிட்டேன்.

தோஹாவில் விமானம் மாற வேண்டும். ஒரு மலையாளக் குடும்பத்தின் பின்னாலேயே நடந்தேன். அவர்கள் வேறு வாசலுக்குப் போனபோது ஒரு நிமிஷம் நானும் அவர்களோடே போய்விட்டேன். அந்த அம்மா என் டிக்கெட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்.

புக்கரெஸ்டில் இறங்கினால், பாவெல் என்ற கம்பெனி ஏஜெண்ட் என் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பார் என்று சொல்லியிருந்தார்கள். அட்டைகள் நிறைய இருந்தன. தெக்லா என்று எதிலும் இல்லை. போனில் சிக்னல் இல்லை. ஒரு தூணை ஒட்டி நின்றேன். யாராவது வந்து இன்னது செய் என்று சொல்வார்கள் என்று நின்றுகொண்டே இருந்தேன். கூட்டம் போய், வேறு கூட்டம் வந்து, அதுவும் போயிற்று. யாரும் வரப்போவதில்லை என்று எனக்கு உறைக்க வெகுநேரம் ஆயிற்று.

காப்பிக் கடையில் நின்ற ஒரு பெண்ணிடம் ஆஸ்பத்திரி விலாசத்தைக் காட்டினேன். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவளுக்கு. கடைசியில் ஒரு காகிதக் கோப்பையில் ரயில் படம் வரைந்து, எங்கே மாற வேண்டும் என்று இரண்டு பெயர் எழுதிக் கொடுத்தாள். அந்தக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே இரண்டு ரயில் மாறி வந்தேன். டிக்கெட் பரிசோதகர் கோப்பையைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார்.

ஜன்னலுக்கு வெளியே வயல் முழுக்கப் பனி. ஓர் ஆள் கூடக் கண்ணில் படவில்லை. செருப்புக்குள் இரண்டு ஜோடி காலுறை போட்டிருந்தும் விரல்கள் மரத்துவிட்டன.

ஜனவரி 12, வெள்ளி

கம்பெனி அறை போட்டுக் கொடுத்த விடுதிக்கு பாவெல் காலையில் வந்து, தேதியை மாற்றி நினைத்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். நல்ல மனிதர்தான் போல. காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

ஷெரின் அப்பா விழித்திருந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டிப்போய். என்னைப் பார்த்ததும் என் பின்னால் பார்த்தார்.

"அண்ணன் வரலையா?"

பாஸ்போர்ட் விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கு நீ கெளம்பி வந்துட்ட. யாரு சொல்லி வந்த?"

கம்பெனி சொன்னதாகச் சொன்னேன். பழச்சாறு கொடுத்தேன், குடித்தார். நாற்காலியைக் கட்டிலின் கால்மாட்டில் போட்டுக்கொண்டேன். நர்ஸ் அதைத் தலைமாட்டுக்கு நகர்த்தினாள். அவள் போனதும் திரும்ப நகர்த்திவிட்டேன். அங்கே வெளிச்சம் அதிகம்.

காலைச் சுற்றித் துணி. நான் கடற்கரையில் பிறந்தவள், கெட்டுப்போனதன் வாடை எனக்குத் தெரியும்.

ஜனவரி 13, சனி

இந்த ஊரில் ஒரு தமிழ்க் குரல் கேட்டது. விடுதியில் அறை துடைக்க வந்த பெண் என் ஜெபமாலையைப் பார்த்துவிட்டு, "நீங்கள் தமிழோ அக்கா?" என்றாள். பெயர் நிரோஜா. மன்னார் பக்கம் பேசாலையாம். மூன்று வருஷமாக இங்கே வேலை செய்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அழுது முடிக்கட்டும் என்று நின்றாள்.

வேலை முடிந்து என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இந்த ஊர்ப் பாஷை நன்றாகப் பேசுகிறாள். டாக்டர் ஸ்தான்ச்சு உயரமானவர், தூக்கம் கெட்ட கண். அவர் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள். அழுகல் மேலே ஏறுகிறது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, செயற்கைக் கால் வைத்து நன்றாக நடக்கலாம். தாமதித்தால் விஷம் ரத்தத்தில் கலந்துவிடும்.

முடியாது என்று ஷெரின் அப்பா சொல்லிவிட்டார். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புத்தி தெளிவாக இருக்கிறவரை அவர் சொல்தான் சட்டம், நினைவு தப்பினால் மனைவி கையெழுத்துப் போட்டால் எடுப்போம் என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நிரோஜா அதையும் மொழிபெயர்த்தாள். மொழிபெயர்த்திருக்க வேண்டாம்.

அவள் வெளியே போனபின் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி. நான் மயங்கிக் கெடந்தாலும் சரி, செத்துக் கெடந்தாலும் சரி. நீ கையெழுத்துப் போடக் கூடாது."

"சரி."

"போட்டா என்ன நடக்கும்னு ஒனக்கே தெரியும்."

தெரியும் என்றேன்.

ஜனவரி 14, ஞாயிறு

நன்றாகத் தூங்கியிருக்கிறேன். அறைக் கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு தடவை கூட விழிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. கட்டியவர் அப்படிக் கிடக்கும்போது மனுஷிக்கு இப்படித் தூக்கம் வருமா?

கத்தோலிக்கக் கோவிலில் பூசை பார்த்தேன். பாஷை வேறென்றாலும் எங்கே எழ வேண்டும், எங்கே முழங்கால் போட வேண்டும் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது. பிறகு ஆஸ்பத்திரி. அவருக்கு உடம்பு சுட்டது. பார்வையாளர் நேரம் முடிந்ததும் நிரோஜா கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். கருங்கடல் என்று பெயர். கருப்பில்லை, சாம்பல் நிறம். கட்டுமரமோ வள்ளமோ ஒன்றும் இல்லை. காற்று முகத்தை அறுத்தது.

அவள் என் இடதுபக்கமாக நடந்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். நான் பதில் சொல்லவில்லை என்று தோளைத் தொட்டாள். அந்தக் காதில் கேட்காது, வலப்பக்கம் வா என்றேன். பிறவியிலேயோ என்று கேட்டாள். இல்லை, ஒருநாள் கதவில் இடித்துக்கொண்டது என்றேன். அவள் வலப்பக்கம் வந்து நடந்தாள்.

மடுவுக்கு வர இருந்ததைச் சொன்னேன். தன் வீட்டிலிருந்து பக்கம்தான், ஏன் வரவில்லை என்றாள். அவருக்குக் கப்பல் வேலை வந்துவிட்டது என்று சொன்னேன்.

அவள் வேலைக்குப் போனபின் எனக்குப் பசித்தது. ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் மூன்று தடவை முன்னும் பின்னும் நடந்துவிட்டு உள்ளே போனேன். ஹோட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. பக்கத்து மேஜைக் கிழவர் சாப்பிட்டதைக் காட்டி அதையே கேட்டேன். புளித்த சூப்பும், மக்காச்சோளமாவுக் களி மாதிரி ஒன்றும் வந்தன. மெதுவாகச் சாப்பிட்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. களி ஆறிப்போயும் நன்றாக இருந்தது.

ஜனவரி 15, திங்கள்

ஊரில் பொங்கல்.

அவருக்குக் காய்ச்சல் ஏறி நினைவு தடுமாறுகிறது. கப்பலில் இருக்கிற நினைப்பில், கயிற்றைத் தளர்த்து, தளர்த்து என்று சத்தம் போட்டார். பிறகு அமைதியானார். ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்தேன். என் முகத்தைப் பார்த்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"சிஸ்டர்," என்றார். "எங்க வீட்டுல வந்திருக்காவளா?"

வந்திருக்காங்க என்றேன்.

"அவ பயந்தவ சிஸ்டர். தனியா விட்டுராதீங்க. கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ரொம்ப உபகாரம் என்று கும்பிட்டார். இவ்வளவு மரியாதையாக அவர் என்னிடம் பேசிக் கேட்டதில்லை. துணியை வாளியில் போட்டுவிட்டு, நடைவழிக்குப் போய் ஜன்னலோரம் நின்றேன்.

டாக்டர் அங்கேயே வந்து காகிதத்தை நீட்டினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், இன்று செய்தால் நல்லது என்றார். நாளைக்கு என்றேன். இன்று என்றார் மறுபடியும். வீட்டில் கேட்க வேண்டும் என்றேன்.

அத்தானுக்குப் போன் போட்டேன். தம்பி வேண்டாம் என்று வாயால் சொன்னபிறகு நீ யார் போட என்றார். கால் போய் ஊருக்கு வந்து அவன் யார் முகத்தில் விழிப்பான் என்றார். மாதாவை வேண்டிக்கொள், புண் ஆறும் என்றார்.

பிறகு ஷெரினுக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மா, அப்பா சொன்னபடியே விட்டுரு."

"விட்டா பொழைக்க மாட்டாருன்னு சொல்லுதாங்க."

"கேட்டுச்சு. நீ என்னைக்கும் அப்பா பேச்ச மீறுனதில்லல்லா. இதையும் மீறாத. ஒன்னய யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

அவள் எதற்கு அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. சின்னப் பிள்ளை, பயந்துபோயிருப்பாள்.

ஜனவரி 16, செவ்வாய்

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

இரண்டு சேலையைத் துவைத்து, அறையைச் சூடாக்குகிற வெந்நீர்க் குழாய் மேல் காயப்போட்டேன். ஸ்வெட்டரில் பிரிந்த நூலைச் சரிசெய்தேன். கடைக்குப் போய் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கினேன். பாவெல் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போனைப் பைக்குள் வைத்து, பையை அலமாரிக்குள் வைத்தேன். பிறகு பஸ் ஏறினேன். எந்த பஸ் என்று பார்க்கவில்லை. கடைசி நிறுத்தம் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி, மறுபடியும் போனேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

சரி என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். அவ்வளவுதான். அப்படித்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் விடுதி வாசலில் நிரோஜா நின்றுகொண்டிருந்தாள். கோட்டு கூடப் போடாமல், வேலை உடுப்போடு. அவளை டாக்டர் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது, சாயங்காலத்துக்குப் பிறகு கத்தி வைத்தும் பிரயோசனமில்லை.

"அவர் போடாதேன்னு சொல்லிருக்கார்," என்றேன்.

"ஓம், எனக்குத் தெரியும்."

"அவர் சொல்ல மீறி நான் எதுவும் செஞ்சதில்ல."

நிரோஜா என் வலப்பக்கமாக வந்து நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக் கொள்ளாதைங்கோ. நீங்கள் இப்ப அவர் சொன்னதைச் செய்யிறீங்களோ, இல்லாட்டி நீங்கள் நினைச்சதைச் செய்யிறீங்களோ?"

அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. என் கை உண்மையிலேயே எழுந்தது. அதைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அவள் நகரவில்லை.

கையை இறக்கிக்கொண்டேன். டாக்ஸி கூப்பிடு என்றேன்.

நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். தமிழில் போட்டேன். இங்கிலீஷில் போட வருமே, ஏன் தமிழில் போட்டேன் என்று தெரியவில்லை. ஏன் போட்டேன் என்றும் எழுத வரவில்லை.

ஜனவரி 17, புதன்

உயிர் இருக்கிறது.

டாக்டர் நடைவழியில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. முந்தாநாள் செய்திருந்தால் கீழேயே முடித்திருக்கலாம் என்றார். குற்றம் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. மழை நேற்றே விட்டுவிட்டது என்பது மாதிரிச் சொன்னார். பிறகு எழுந்து போனார்.

ஜனவரி 18, வியாழன்

கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

ஜனவரி 20, சனி

நேற்று ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நிரோஜா சோறும் பருப்பும் வைத்துக் கொண்டுவந்தாள். தேங்காய்ச் சம்பல் காரமாக இருந்தது, கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், பேசாலையில் அவள் அக்காவிடம் வளர்கிறார்கள். மூத்தவனுக்கு அம்மா முகம் போனில்தான் பழக்கம் என்றாள். அவள் புருஷன் எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளும் அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 22, திங்கள்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நன்றாகத் தெளிந்துவிட்டார். உள்ளே போகும்போது போர்வையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு போட்டா கையெழுத்து?"

"நான்தான்."

போர்வையை மூடினார். குரலைத் தாழ்த்தி, "கிட்ட வா" என்றார். அவர் குரலைத் தாழ்த்தினால் நான் போய்விடுவேன். இத்தனை வருஷமும் அப்படித்தான். உரக்கக் கூப்பிட்டால்கூடச் சில சமயம் தாமதிப்பேன், அந்தத் தாழ்ந்த குரலுக்குக் கால் தானாகவே நடக்கும்.

இன்றும் இரண்டு அடி வைத்துவிட்டேன். பிறகு நின்றுவிட்டேன்.

"இங்கனயே நிக்கேன். சொல்லுங்க."

அவர் எழப் பார்த்தார். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வலியில் முகம் வெளுத்துப்போயிற்று. கையில் கிடைத்த தண்ணீர்க் குவளையை எறிந்தார். அது என்னைத் தாண்டிப் போய்ச் சுவரில் பட்டது. பக்கத்துக் கட்டில்காரர் மணியை அடித்துவிட்டார். நர்ஸ் வந்து தரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு என்னை வெகுநேரம் பார்த்தாள். தவறி விழுந்துவிட்டது என்று சைகை காட்டினேன். அவளுக்கு நம்பிக்கை இல்லை.

ஜனவரி 24, புதன்

அத்தான் போன் செய்தார். நடந்தது நடந்துவிட்டது என்றார். இனி அவனுக்குக் கை கால் எல்லாம் நீதான், கக்கூஸுக்குப் போவதென்றாலும் நீதான் தூக்க வேண்டும், அதற்கென்றுதான் ஆண்டவர் உன்னை அவனுக்குக் கொடுத்திருக்கிறார் என்றார். அடுத்த வாரம் இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்ப ஏற்பாடு நடக்கிறது என்று பாவெலும் சொன்னார்.

வார்டில் அவர் டாக்டரை ஏசிக்கொண்டிருந்தார். செயற்கைக் கால் பழக்க வந்தவன் முழங்கால் இருந்தால் சுலபம், இல்லாவிட்டால் கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கீழே எடுத்திருந்தால் கட்டைக்கால் வைத்தாவது துறைமுகத்தில் ஒரு வேலை பார்த்திருப்பேன், இந்தக் கசாப்புக்காரப் பயல் வேண்டுமென்றே மேலே வெட்டிவிட்டான், இவன் மேல் கேஸ் போடுவேன் என்றார். டாக்டர் பக்கத்துக் கட்டிலில்தான் நின்றார். தமிழ் புரியாவிட்டாலும் அந்தச் சத்தம் புரியும். தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தார். பன்னிரண்டு நாளாக அந்த மனிதரைப் பார்க்கிறேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர ஏசாதீங்க. அவர் அன்னைக்கே கேட்டார். நான்தான் ஒரு நாள் தள்ளிப்போட்டேன்."

சத்தம் நின்றது.

"ஏன்?"

"போடாதன்னு நீங்க சொன்னீங்க."

"அதுக்காகவா?"

எவ்வளவு சுலபமாக ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல," என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் முகத்தைத் திருப்பவில்லை. பார்வையாளர் நேரம் முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 25, வியாழன்

மத்தியானம் அவருக்குத் தாகம் எடுத்தது. உதடு காய்ந்திருந்தது. குவளையில் தண்ணீர் ஊற்றி நீட்டினேன். வாங்கவில்லை. வாய் அருகே கொண்டுபோனேன், தலையைத் தலையணைக்குள் பின்னால் இழுத்துக்கொண்டார்.

தண்ணீர்தான் என்றேன். என் கையையும் குவளையையும் மாறிமாறிப் பார்த்தார். மணியை அடித்தார். நர்ஸ் வந்து, வேறு குவளையில், குழாயிலிருந்து பிடித்துக் கொடுத்தாள். அதை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

நான் நாற்காலியை நகர்த்தினாலும் அவர் கண் கூடவே வந்தது. பையைத் திறந்தால் பைக்குள் பார்த்தது. சத்தம் வராமல் மூச்சு விட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அடுத்த நிமிஷம் அவர் என்ன செய்வாரோ என்று ஒரு மனுஷன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷெரினுக்கு நாலு வயசு இருக்கும்போதே அவளுக்கும் அந்தப் பார்வை வந்துவிட்டது.

அவர் என்னைப் பார்த்துப் பயந்தால் சந்தோஷமாக இருக்கும் என்று எப்போதோ நினைத்ததுண்டு. இல்லை. வெளியே போய்ப் பனியில் நின்றேன்.

இந்தப் பார்வையோடு ஒரு வீட்டுக்குள் இனி என்னால் இருக்க முடியாது. அது யார் கண்ணில் இருந்தாலும் சரி.

ஜனவரி 26, வெள்ளி

பாவெலைப் போய்ப் பார்த்தேன். நிரோஜா வருகிறேன் என்றாள், வேண்டாமென்று நானே பஸ் பிடித்துப் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என் வீட்டுக்காரரோடு ஒரு ஆண் நர்ஸை அனுப்புங்கள், அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விடட்டும். எனக்குச் சென்னைக்குத் தனி டிக்கெட். ஏதாவது பிரச்சினையா மேடம் என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன என்று கேட்காமல் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னேன். இன்னார் கூட வருவார், இன்ன தேதி, அத்தான் வீட்டில் கீழ் அறையைக் காலிபண்ணச் சொல்லியிருக்கிறேன் என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஊருல என்னய என்ன சொல்லுவாங்க?" என்றார்.

கண்ணீர் அவர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைத்துவிட எழுந்தேன். அவர் உடம்பு விறைத்தது. உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் தானாகவே காய்ந்தது.

ஜனவரி 29, திங்கள், சென்னை

நிரோஜா ஸ்டேஷன் வரை வந்தாள். என்னிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, நீல ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். உங்களுக்குக் குளிருமே அக்கா என்றாள். விமானம் ஏறிவிட்டால் குளிராது என்று பொய் சொன்னேன். குளிர்ந்தது.

ஷெரின் விமான நிலையத்துக்கு வந்திருந்தாள். டாக்ஸியில் என் பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் தங்கியிருக்கிற அறை பெருங்குடியில் மூன்றாவது மாடி. ஒரு கட்டில், ஒரு காஸ் அடுப்பு. டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா போட்ட?"

நான் டீயைக் குடித்தேன்.

"நான் அவ்வளவு சொன்னேன். எனக்கு அத வாயால சொல்லுறதுக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சியா? ஒனக்காகத்தான் சொன்னேன். நீ போட்டுட்ட."

"செத்திருந்தா படத்துக்கு மாலை போட்டு நடு வீட்டுல மாட்டிருப்பாங்க," என்றேன். "வாரவங்க போறவங்ககிட்ட எல்லாம் அவர் தங்கமான மனுஷன்னு நான்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கணும். சாவுற வரைக்கும். என்னால அது முடியாது ஷெரின்."

நான் போட்டிருக்க மாட்டேன் என்றாள். தெரியும் என்றேன். அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல் அழுகிற பிள்ளை அவள், சின்னதிலிருந்தே. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

போன் அடித்தது. அத்தான். நாளைக்கு மத்தியானம் தம்பி திருவனந்தபுரத்தில் இறங்குகிறான், வண்டி சொல்லியாயிற்று, நீ எத்தனை மணி ரயிலுக்கு வருகிறாய் என்று கேட்டார்.

"வரல அத்தான்."

களைப்பாக இருக்கும், இரண்டு நாள் இருந்துவிட்டு வா என்றார். அப்போது எப்போது வருவாய், புதன்கிழமையா, வியாழக்கிழமையா என்றார்.

"வரல," என்றுதான் மறுபடியும் சொன்னேன்.